நினைவுநாளில் வாசிக்கப்படாத அறிக்கைகள்

இனப்படுகொலையில் மாண்டவர்களுக்காக ஐக்கிய நாடுகள் சபை ஆண்டில் நான்கு நாட்களைக் குறித்து வைத்திருக்கிறது. ஜனவரி 27 நாஜி ஜெர்மனி கொன்றழித்த யூதர்கள் உள்ளிட்டோருக்கு. ஏப்ரல் 7 ருவாண்டாவின் டூட்சிகளுக்கு. ஜூலை 11 ஸ்ரெப்ரெனித்சாவில் கொல்லப்பட்ட போஸ்னிய முஸ்லிம்களுக்கு. டிசம்பர் 9 எல்லோருக்கும் பொதுவானது. 1948இல் அதே தேதியில்தான் பாரிஸில் கூடிய பொதுச்சபை இனப்படுகொலையைத் தடுக்கவும் தண்டிக்கவுமான உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்த நாட்கள் எல்லாமே சண்டையில்லாமல் கிடைத்துவிடவில்லை. ஜூலை 11க்கான தீர்மானம் 2024 மே மாதத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 84 நாடுகள் ஆதரித்தன, 19 எதிர்த்தன, 68 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. படுகொலை நடந்து 29 ஆண்டுகள் ஆகி, பன்னாட்டு நீதிமன்றங்கள் தீர்ப்பும் அளித்துவிட்ட பிறகு நிலைமை இது.

இந்த நாட்களோடு சேர்த்து யாரும் பேசாத இன்னொரு வரிசையும் ஐ.நா.விடம் இருக்கிறது. தன் கண்ணெதிரே மக்கள் கொல்லப்பட்டபோது தான் என்ன செய்துகொண்டிருந்தது என்று அந்த அமைப்பே விசாரித்து, அல்லது விசாரிக்கச் சொல்லி, வெளியிட்ட அறிக்கைகளின் வரிசை அது. ஸ்ரெப்ரெனித்சா குறித்து 1999 நவம்பரில் ஒன்று. அடுத்த மாதமே ருவாண்டா குறித்து ஒன்று. இலங்கை குறித்து 2012இல். மியான்மர் குறித்து 2019இல். அடுத்தடுத்து வாசித்தால் நெஞ்சு பதறும். நாட்டின் பெயரை மறைத்துவிட்டால் பல பத்திகள் எந்த அறிக்கையைச் சேர்ந்தவை என்று கண்டுபிடிக்க முடியாது. நினைவுநாள் மாண்டவர்களின் பெயரை உச்சரிக்கிறது, அது செய்ய வேண்டிய கடமை. ஆனால் மீண்டும் நிகழாமல் தடுக்க உதவக்கூடிய அறிவு இந்த அறிக்கைகளில்தான் கிடக்கிறது: யாருக்குத் தெரிந்திருந்தது, எப்போது தெரிந்தது, தெரிந்த பின் என்ன முடிவெடுத்தார்கள் என்னும் அறிவு.

ருவாண்டாவிலிருந்தே தொடங்கலாம்.

1993 ஏப்ரலில் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் சிறப்பு அறிக்கையாளர் பக்ரே வாலி இந்தியாயே அந்நாட்டுக்குப் போனார். டூட்சிகள் டூட்சிகளாக இருப்பதாலேயே கொல்லப்படுகிறார்கள், இனப்படுகொலை உடன்படிக்கை இங்கே பொருந்தக்கூடும் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் எழுதினார். அதே காலத்தில் ஐ.நா.வின் இன்னொரு துறை ருவாண்டாவுக்கு அமைதிப்படை அனுப்பத் திட்டம் தீட்டிக்கொண்டிருந்தது. அந்தத் திட்டத்துக்காகக் களஆய்வு செய்த கனடா நாட்டுத் தளபதி ரோமியோ டலேரின் கைக்கு இந்தியாயேயின் அறிக்கை வந்து சேரவில்லை. மனித உரிமைப் பிரிவுக்குத் தெரிந்தது படைப்பிரிவுக்குத் தெரியவில்லை. ஆகவே அந்தப் படை, உடன்பாடு செய்துகொண்ட அரசு, கிளர்ச்சியாளர் ஆகிய இரு தரப்புகளுக்கு நடுவே காவல் நிற்கும் படையாகவே வடிவமைக்கப்பட்டது. ஏறக்குறைய 2,500 பேர், குறைவான ஆயுதங்கள், தற்காப்புக்கு மேல் அதிகம் இல்லாத அதிகாரம்.

1994 ஜனவரி 11 அன்று டலேர் நியூயார்க்குக்கு அனுப்பிய தந்தி இன்று பலரும் அறிந்தது. ஆளுங்கட்சியின் இளைஞர் படையில் பயிற்சியாளராக இருந்த ஒருவர் ரகசியமாகத் தகவல் தந்திருந்தார். தலைநகர் கிகாலியில் உள்ள டூட்சிகளைப் பதிவு செய்யும்படி எனக்கு உத்தரவு வந்திருக்கிறது. அவர்களை ஒழிப்பதற்காகவே இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். 20 நிமிடத்தில் ஆயிரம் பேரைக் கொல்ல எங்கள் ஆட்களால் முடியும். பெல்ஜியப் படைவீரர்கள் சிலரைக் கொன்றால் பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் என்பதும் திட்டத்தில் இருக்கிறது. தகவலின் சாரம் இவ்வளவுதான். ஆயுதங்களைப் பதுக்கி வைத்திருக்கும் இடத்தைக் காட்டவும் அவர் தயாராக இருந்தார். 36 மணி நேரத்துக்குள் அங்கே சோதனை நடத்தப்போவதாக டலேர் எழுதினார். வேண்டாம் என்று பதில் வந்தது. தகவலைக் குடியரசுத் தலைவர் ஹப்யாரிமானாவிடமும் அமெரிக்க, பிரெஞ்சு, பெல்ஜியத் தூதர்களிடமும் சொன்னால் போதும் என்றது நியூயார்க். மூன்று மாதங்களுக்கு முன்புதான் சோமாலியாவின் மொகதிஷுவில் 18 அமெரிக்க வீரர்கள் மாண்டிருந்தார்கள். இன்னொரு சோமாலியா வேண்டாம் என்ற அச்சம் தலைமையகத்தை ஆட்டிப் படைத்தது. பாதுகாப்புச் சபையிடம் அந்தத் தந்தி போகவே இல்லை.

ஏப்ரல் 6 இரவு ஹப்யாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே பிரதமர் அகத்தே உவிலிங்கியிமானா கொல்லப்பட்டார். அவருக்குக் காவலாக அனுப்பப்பட்ட பெல்ஜிய வீரர்கள் 10 பேரும் கொல்லப்பட்டார்கள். தகவல் தந்தவர் சொன்னபடியே பெல்ஜியம் படையை விலக்கிக்கொள்ள முடிவு செய்தது. கிகாலியின் கிச்சுகிரோ பகுதியில் ஒரு தொழில்நுட்பப் பள்ளி பெல்ஜிய வீரர்களின் முகாமாக இருந்தது. ஏறக்குறைய 2,000 பேர் அங்கே தஞ்சம் புகுந்திருந்தார்கள். ஏப்ரல் 11 அன்று வெளிநாட்டவரை ஏற்றி அனுப்பிய பிறகு வீரர்களும் கிளம்பிவிட்டார்கள். வாயிலில் கொலைகாரர்கள் காத்திருந்தது வீரர்களுக்குத் தெரியும், உள்ளே இருந்தவர்களுக்கும் தெரியும். அன்றே அந்த மக்கள் அருகிலிருந்த நியான்சா குன்றுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். மிகச் சிலரே உயிர் தப்பினார்கள்.

பத்து நாள் கழித்து, ஏப்ரல் 21 அன்று, பாதுகாப்புச் சபை அமைதிப்படையை 270 பேராகக் குறைத்தது. தீர்மான எண் 912. அந்த ஆண்டு ருவாண்டா பாதுகாப்புச் சபையின் தற்காலிக உறுப்பினர். கொலையை நடத்திக்கொண்டிருந்த அரசின் பிரதிநிதி அந்த மேசையிலேயே உட்கார்ந்து மற்றவர்கள் தயங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சுமார் 100 நாட்களில் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மதிப்பிட்டது. ருவாண்டா அரசு 10 லட்சத்துக்கு மேல் என்கிறது.

இத்தனையையும் 1999 டிசம்பரில் ஆவணப்படுத்தியது ஸ்வீடனின் முன்னாள் பிரதமர் இங்வார் கார்ல்சன் தலைமையிலான குழு. அதை அமைத்தவர் அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான். 1994இல் டலேரின் தந்தி போய்ச் சேர்ந்த அமைதிகாப்புத் துறைக்குத் தலைவராக இருந்தவரும் அவரே. தன்னையும் குற்றம் சொல்லக்கூடிய விசாரணைக்கு அவர் கதவைத் திறந்துவிட்டதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். தகவல் இல்லாமை காரணம் என்று கார்ல்சன் குழு சொல்லவில்லை. தகவல் இருந்தது, அதை ஒன்றுசேர்த்துப் பார்க்கவும், கசப்பாக இருந்தாலும் மேலே சொல்லவும், செயல்படவும் மனமும் வளமும் இல்லை என்பதே அதன் முடிவு.

இந்த வரலாற்றில் பேச வேண்டிய இன்னொரு பகுதியும் உண்டு. படை குறைக்கப்பட்ட பிறகும், அனுமதித்த எண்ணிக்கையை விடக் கூடுதலான வீரர்களோடு டலேர் கிகாலியிலேயே தங்கினார். அவர்களில் பெரும்பாலோர் கானா நாட்டவர். அமஹோரோ விளையாட்டரங்கிலும் வேறு சில இடங்களிலும் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தது அவர்களால். செனகல் நாட்டுக் கேப்டன் ம்பாயே தியாஞ் ஆயுதமில்லாத பார்வையாளராக வந்தவர். மீட்புப் பணியில் ஈடுபடாதே என்ற உத்தரவை மீறி, கொல்லப்பட்ட பிரதமரின் குழந்தைகளை முதலில் காப்பாற்றினார். அதன்பின் தன் வண்டியில் ஒரு தடவைக்குச் சிலராக, சோதனைச் சாவடிகளில் பேசியும் சிரித்தும் சிகரெட் கொடுத்தும், நூற்றுக்கணக்கானவர்களைக் கடத்திக் கொண்டுபோனார். மே 31 அன்று பீரங்கிக் குண்டு ஒன்று அவர் உயிரைப் பறித்தது. 20 ஆண்டுகள் கழித்து பாதுகாப்புச் சபை அவர் பெயரில் வீரப்பதக்கம் ஒன்றை ஏற்படுத்தியது. அவர் மீறியது யாருடைய உத்தரவு என்பதை அந்தப் பதக்கத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் அந்த நினைவு முழுமையாகும்.

ருவாண்டா தன் நினைவை வேறு எந்த நாட்டையும் விட வெளிப்படையாக வைத்திருக்கிறது. நியாமாத்தா தேவாலயத்தின் பெஞ்சுகளில் கொல்லப்பட்டவர்களின் உடைகள் குவிந்து கிடக்கின்றன. முராம்பி பள்ளியின் வகுப்பறைகளில் சுண்ணாம்பு பூசிப் பாதுகாக்கப்பட்ட உடல்கள். கிகாலியின் கிசோசி குன்றில் 2 லட்சத்து 50 ஆயிரம் பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பிசெசெரோவையும் சேர்த்து இந்த நான்கு இடங்களை 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெல்ஜியக் காலனி ஆட்சி 1930களில் அடையாள அட்டையில் எழுதிவைத்த, 1994இல் சாவடிகளில் சாவைத் தீர்மானித்த, ஹூட்டு, டூட்சி என்னும் பிரிவுகள் இன்றைய அட்டையில் இல்லை. அருஷாவில் இயங்கிய பன்னாட்டுத் தீர்ப்பாயம் 62 பேரைத் தண்டித்தது. ஊர்தோறும் அமைந்த கச்சாச்சா மன்றங்கள் 2012 வரை 20 லட்சத்தை நெருங்கும் வழக்குகளை விசாரித்தன.

ஆனாலும் இந்த நினைவின் மேல் அரசின் கை பலமாக விழுந்திருக்கிறது. இனப்படுகொலைச் சித்தாந்தத்தைத் தடைசெய்யும் சட்டம் மறுப்பாளர்கள் மீது மட்டும் பாயவில்லை, அரசை விமர்சித்தவர்கள் மீதும் பாய்ந்தது. 1995இல் கிபேஹோ முகாமில் அரசுப் படை கொன்ற, இடம்பெயர்ந்திருந்த ஹூட்டுகளுக்காகப் பொதுவெளியில் அழ இடமில்லை. காங்கோவில் ருவாண்டாப் படை செய்தவற்றை 2010இல் ஐ.நா. அறிக்கை ஒன்று விரிவாகப் பதிவு செய்தபோது, உலகம் எங்களைக் கைவிட்ட நாளில் எங்கே போயிருந்தது என்ற கேள்வியே கேடயமாயிற்று. அந்தக் கேள்வி நியாயமானது. அதைக் கேடயமாக்கியது நியாயமில்லை. அரசின் கைக்குப் போய்விட்ட நினைவு, அந்த அரசின் அடுத்த குற்றத்தைப் பார்க்க மறுக்கிறது.

இப்போது 2012 நவம்பரில் வெளியான அறிக்கைக்கு வருவோம். சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான குழு, 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே வரை இலங்கையின் வன்னியில் ஐ.நா. நடந்துகொண்ட விதத்தை ஆராய்ந்தது. பெட்ரி 1994இல் ருவாண்டாவில் ஐ.நா. பணியில் இருந்தவர். 2008 செப்டம்பரில் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று இலங்கை அரசு சொன்னதும், கிளிநொச்சியிலிருந்து ஐ.நா. வெளியேறியது. போகாதீர்கள் என்று அலுவலக வாசலில் மக்கள் திரண்டு மன்றாடினார்கள். வெளிநாட்டுப் பணியாளர்கள் போனார்கள், ஐ.நா.வில் வேலை பார்த்த வன்னித் தமிழர்கள் குடும்பத்தோடு வெளியேற விடுதலைப் புலிகள் விடவில்லை. கிச்சுகிரோ பள்ளியை அறிந்தவர் யாரும் இந்தப் பக்கங்களை நிதானமாகப் படித்துவிட முடியாது.

அதன்பின் கொழும்பிலிருந்த ஐ.நா. அலுவலகம் சாவுகளை எண்ணத் தொடங்கியது. ஒவ்வொரு தகவலையும் வெவ்வேறு வழிகளில் சரிபார்த்த, கறாரான கணக்கு அது. 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். எண்ண முடியாமல் போனவர்கள் மிக மிக அதிகம். கணக்கு வெளியிடப்படவில்லை. பெரும்பாலான சாவுகள் அரசுப் படையின் எறிகணைகளால் நிகழ்ந்தவை என்ற தகவல் கையிலிருந்தும் அறிக்கைகளில் அது மங்கலாக்கப்பட்டது. மக்களைப் புலிகள் பணயமாக வைத்திருந்ததைக் கண்டித்தார்கள். கண்டிக்கத்தான் வேண்டும். எறிகணை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் துணிவு இல்லை. சொன்னால் உணவும் மருந்தும் அனுப்ப அரசு அனுமதிக்காது என்பது அவர்கள் வாதம். வாயை மூடிக்கொண்டும் உணவும் மருந்தும் வேண்டிய அளவில் போய்ச் சேரவில்லை. பாதுகாப்புச் சபை ஒரு முறைகூட முறையான கூட்டம் போட்டு இலங்கையைப் பற்றிப் பேசவில்லை. மக்களைக் கொலையிலிருந்து காப்பது தங்கள் பொறுப்பு என்று மூத்த அதிகாரிகள் பலர் கருதவே இல்லை என்று எழுதினார் பெட்ரி. இனப்படுகொலைத் தடுப்புக்கான சிறப்பு ஆலோசகர் பதவியை அன்னான் உருவாக்கி 2009இல் 5 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வன்னியில் நடந்தது இனப்படுகொலையா என்பதை எந்தப் பன்னாட்டு நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. கனடா நாடாளுமன்றம் 2022இல் மே 18ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவுநாளாக ஏற்றது. இலங்கை அரசு அதைக் கடுமையாக மறுத்தது. ஆனால் தடுப்பதற்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இனப்படுகொலைக்காகப் பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று வழங்கிய முதல் தண்டனையே 1998இல்தான், ருவாண்டாவின் ஊர்த் தலைவர் ஒருவர் மீது. 1948க்குப் பின் அரை நூற்றாண்டு. தீர்ப்புக்காகக் காத்திருந்தால் காப்பாற்ற ஆள் மிஞ்சாது. 2007இல் போஸ்னிய வழக்கில் ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: பாரதூரமான ஆபத்து இருக்கிறது என்று ஓர் அரசுக்குத் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய, அந்தக் கணத்திலேயே தடுக்கும் கடமை தொடங்கிவிடுகிறது.

பெட்ரி அறிக்கைக்குப் பிறகு மனித உரிமைக்கு முதலிடம் என்னும் புதிய நடைமுறையை 2013இல் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் அறிவித்தார். நான்கே ஆண்டுகளில், 2017 ஆகஸ்டில், மியான்மர் ராணுவம் ரோஹிங்கியாக்களின் ஊர்களைக் கொளுத்தியது. 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அங்கே ஐ.நா. என்ன செய்தது என்று ஆராய்ந்த குவாத்தமாலாவின் கெர்ட் ரோசன்தால், அரசோடு இணக்கமாகப் போவோம் என்ற அணியும் உரக்கப் பேசுவோம் என்ற அணியும் ஒன்றையொன்று முடக்கிக்கொண்ட கதையை எழுதினார். பெட்ரி எழுதியதுதான். எவரையும் தனித்துப் பொறுப்பாக்க அவர் முன்வரவில்லை. எல்லோரும் தவறு செய்தார்கள் என்று முடியும் விசாரணை, அடுத்த முறை அதே நாற்காலியில் உட்காரப்போகும் அதிகாரிக்கு எந்த அச்சத்தையும் தருவதில்லை. இந்த அறிக்கைகள் திரும்பத் திரும்ப எழுதப்பட வேண்டியிருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

நினைவு உண்மையிலேயே வேலை செய்த ஒரு தருணமும் மியான்மரை ஒட்டித்தான் வாய்த்தது. காம்பியாவின் நீதி அமைச்சர் அபுபக்கர் தம்பாது 2018இல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாமுக்குப் போனார். அதற்கு முன் பல ஆண்டுகள் ருவாண்டாவுக்கான தீர்ப்பாயத்தில் அரசுத் தரப்பில் பணியாற்றியவர் அவர். அகதிகள் சொல்வதைக் கேட்கக் கேட்க, தான் ஏற்கெனவே கேட்ட சாட்சியங்கள் இவை என்று உணர்ந்தார். மியான்மரோடு எல்லையோ பகையோ இல்லாத அந்தச் சின்னஞ்சிறு மேற்கு ஆப்பிரிக்க நாடு 2019 நவம்பரில் மியான்மர் மீது ஹேக்கில் வழக்குத் தொடுத்தது. 2020 ஜனவரி 23 அன்று 17 நீதிபதிகளும் ஒருமனதாக இடைக்கால உத்தரவு பிறப்பித்தார்கள். அந்த உத்தரவால் ரோஹிங்கியாக்களின் துயரம் தீரவில்லை. ஆனால் இன்னொரு நாட்டின் குற்றத்தைத் தன் வழக்காக எடுத்துக்கொள்ள உடன்படிக்கையில் கையெழுத்திட்ட எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு என்பது நிலைநாட்டப்பட்டது.

இந்தியா இதில் எங்கே நிற்கிறது? 1946இல் இனப்படுகொலையைக் குற்றமாக அறிவிக்கும்படி பொதுச்சபையில் தீர்மானம் கொண்டுவந்த மூன்று நாடுகளில் கியூபா, பனாமாவோடு இந்தியாவும் ஒன்று. விடுதலைக்கு முன்பே நாம் செய்த பெருமைக்குரிய காரியம் அது. 1959இல் உடன்படிக்கையை உறுதிசெய்தோம். ஆனால் இந்தியச் சட்டத்தில் இனப்படுகொலைக்குத் தனிக் குற்றப்பிரிவு இல்லை என்பதை 1984 சீக்கியர் படுகொலை வழக்கொன்றில் டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் வருத்தத்தோடு சுட்டிக்காட்டியது. தடுக்கும் கடமையின் அளவு, அண்மையையும் அரசியல் உறவின் வலுவையும் பொறுத்தது என்றது ஹேக் நீதிமன்றம். அந்த அளவுகோலின்படி இலங்கை விஷயத்திலும் மியான்மர் விஷயத்திலும் இந்தியாவை விட அதிகக் கடமை உள்ள நாடுகள் மிகச் சிலவே. 2009 மே 27 அன்று மனித உரிமைப் பேரவையில் இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானத்துக்கு ஆதரவளித்த 29 நாடுகளில் இந்தியாவும் இருந்தது.

தங்கள் பங்கைத் தாங்களே விசாரித்த நாடுகளும் உண்டு. ருவாண்டாவில் தன் பங்கு என்ன என்று பெல்ஜிய நாடாளுமன்ற மேலவை 1997இலேயே விசாரித்தது. ஸ்ரெப்ரெனித்சாவில் தன் படை மக்களை ஒப்படைத்துவிட்டு வந்ததைப் பற்றிய ஆய்வறிக்கை வெளியானதும் 2002இல் நெதர்லாந்து அமைச்சரவை பதவி விலகியது. ருவாண்டாவில் தன் பொறுப்பைப் பிரான்ஸ் கால் நூற்றாண்டு மறுத்துக்கொண்டே இருந்தது. 2019இல் குடியரசுத் தலைவர் மக்ரோன் வரலாற்றாசிரியர் வென்சான் துய்க்ளேர் தலைமையில் ஆணையம் அமைத்து 1994இல் குடியரசுத் தலைவராக இருந்த மித்தெரான் காலத்துக் கோப்புகளைத் திறந்துவிட்டார். பிரான்ஸின் பொறுப்பு கனமானது, மறுக்க முடியாதது என்று 2021இல் அந்த ஆணையம் எழுதியது. கொலையில் உடந்தை என்பதற்குச் சான்றில்லை என்றும் எழுதியது.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மே மாதமும், வன்னிப் போரின் இறுதிக் களமான முள்ளிவாய்க்காலுக்காக மெழுகுவத்தி ஏற்றப்படுகிறது. இலங்கையில் அதற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். இங்கே கூட்டம் போடவும் பேசவும் நமக்கு இடமிருக்கிறது. 2009 ஜனவரி முதல் மே வரை புதுடெல்லிக்கு என்ன தெரிந்திருந்தது, கொழும்பிடம் என்ன சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்ற கேள்விக்கு ஒரு விசாரணை ஆணையம் வேண்டும் என்ற கோரிக்கை அந்த மேடைகளில் வலுவாக எழுந்ததில்லை. 25 ஆண்டுகள் கடந்த அரசு ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்கில் 2009ஆம் ஆண்டுக் கோப்புகளின் முறை 2034இல் வரும். வெளியுறவுக் கோப்புகள் அப்போதும் தாமாகத் திறந்துவிடும் என்று நம்ப இடமில்லை. அதுவரை காத்திருக்காமல், அந்த ஐந்து மாதங்களின் கோப்புகளை வரலாற்றாசிரியர்கள் கொண்ட சுதந்திரமான குழுவிடம் ஒப்படைக்கும்படி நாடாளுமன்றத்தில் இப்போதே கேட்கலாம். கேட்பதற்குத் தமிழ்நாடு மக்களவைக்கு அனுப்பும் உறுப்பினர்கள் 39 பேர் இருக்கிறார்கள்.